ஆர்டர் வரும்வரை

விழுப்புரத்தில் ஒரு கூட்டம். தலித் தன்வரலாறுகளைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். ஒரு தம்பி வந்து நின்றான். முதுகலை முடித்தவன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணா, வேல கெடைக்காதது நம்ம எழுத்துல இருக்கு. வேலையில போயி அவமானப்பட்டதும் இருக்கு. வேல கெடைச்சும் சேர முடியாம கெடந்தது எங்க இருக்கு?" அவன் பெயர் ஒரு தேர்வுப் பட்டியலில் வந்து பத்து மாசம் ஆகியிருந்தது. ஆர்டர் வரவில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தவன், பத்து வருஷமாக மேடையிலும் பத்திரிகையிலும் பேசிக்கொண்டிருப்பவன். சட்டென்று ஒரு பிரதியின் பெயர்கூட என் வாயில் வரவில்லை. எனக்கே அப்படி 17 மாசம் போயிருந்தும் வரவில்லை. அவனுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் வேலையில்லாப் பட்டதாரி என்று ஓர் உருவம் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கதையிலும் சினிமாவிலும் அவன் தாடியோடு அலைந்தான். அந்த உருவத்தின் உச்சம் என்று 1980-இல் வந்த பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தைத்தான் இன்றைக்கும் காட்டுகிறார்கள். ரங்கன் படித்தவன், பாட்டு வித்துவானின் மகன். டெல்லியில் பட்டினி கிடக்கிறான். நேர்காணல் நேர்காணலாக ஏறி இறங்குகிறான். கடைசியில் முடிவெட்டும் தொழிலுக்குப் போகிறான். அப்பா வந்து பார்க்கிறார். நம் விமர்சகர்கள் கண்ணீர் விட்ட இடம் இது. எந்தத் தொழிலும் இழிவில்லை என்று படம் சொல்லிவிட்டதாம்.

சரி. ரங்கன் கையில் கத்தரிக்கோல் புரட்சியாகிறது. அதே கத்தரிக்கோல் பிறப்பிலேயே கையில் திணிக்கப்பட்டவன் பட்டம் வாங்கி அதை விட்டு வெளியே வரக் காத்திருக்கிறானே, அவனுக்கு அந்தப் படத்தில் எந்த நாற்காலி? மேலே இருப்பவன் இறங்கினால் தியாகம், கீழே இருப்பவன் ஏற நினைத்தால் கோட்டா. படத்தின் அரசியலை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரங்கனின் துயரம் வேலை இல்லை என்பது. இல்லை என்று சொல்லிவிட்டால் கோபப்படலாம், வேறு வழி பார்க்கலாம். 'உண்டு, ஆனால் இன்னும் இல்லை' என்பது வேறு சங்கதி. அதில் கோபப்படக்கூட முடியாது. கோபப்பட்டால் ஃபைல் அடியில் போய்விடும்.

இந்த இடைவெளியை எழுதிய முதல் ஆள் நமக்கு அண்ணல்தான். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு பிரதியில் பரோடா அனுபவம் வருகிறது. அதைத் தீண்டாமைக் கொடுமையின் சாட்சியமாகத்தான் எல்லோரும் வாசிக்கிறோம். 1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டுத் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தான வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். 11-ஆம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. அன்று சாயங்காலம் ரயில் நேரம் வரும்வரை ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். தடியும் பூங்காவும் நம் நினைவில் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே அவர் எழுதிய இன்னொன்று நிற்பதில்லை. அரசாங்க பங்களா ஒன்று ஒதுக்கித் தரும்படி அவர் மனு கொடுத்திருந்தார். திவான் அதை அவசரமான விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மனு ஓர் அதிகாரியிடமிருந்து இன்னோர் அதிகாரிக்குப் போய்க்கொண்டே இருந்தது. முடிவான பதில் வருவதற்குள் அந்த 11-ஆம் நாள் வந்துவிட்டது.

தடியெடுத்து வந்தவர்களுக்கு முகம் இருக்கிறது. மனுவை நகர்த்தாமல் வைத்திருந்தவர்களுக்கு முகமில்லை. அவர்கள் யாரும் அவரைத் திட்டியதாகவோ தொட மறுத்ததாகவோ அந்த இடத்தில் அவர் எழுதவில்லை. தாமதித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த பங்களா நேரத்தோடு கிடைத்திருந்தால் தடிக்காரர்களுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. இதை நாம் போதுமான அளவு வாசிக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு, என்மீதும் சேர்த்து.

இப்போது என் கதை. நான் எழுதிய தேர்வு எது, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எழுத்தர் வேலை. பட்டியலில் பெயர் வந்தது, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது. "ஒரு மாசத்துல ஆர்டர் வந்துடும் தம்பி" என்றார்கள். அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் மாசம் 6,500 ரூபாய்க்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தாளாளர் கூப்பிட்டு, "நீங்க எப்படியும் நடு வருஷத்துல போயிடுவீங்க சார், இப்பவே வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். கவர்மெண்ட் வேலை வந்துவிட்டது என்பதாலேயே இருந்த வேலை போனது. அக்கா மகளின் சடங்குக்கு என் பேரில்தான் கடன் வாங்கினார்கள். சம்பளக்காரன் ஆகிவிட்டேனே! நூற்றுக்கு ஐந்து வட்டி. சம்பளம்தான் வரவில்லை.

இதெல்லாம் எந்தச் சாதிக்காரனுக்கும் நடக்கும் என்பீர்கள். நடக்கும்தான். என்னோடு பட்டியலில் இருந்த மற்ற சாதி நண்பர்களும் காத்திருந்தார்கள். ஒருத்தனுக்கு அப்பாவின் ரைஸ் மில் இருந்தது, இன்னொருத்தனுக்கு ஆறு காணி நிலம். காலம் எல்லோருக்கும் ஒரே காலமில்லை. நிலத்தின் மேல் உட்கார்ந்து காத்திருப்பவனுக்கு 17 மாசம் சலிப்பு. வட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருப்பவனுக்கு அது வேறு. எங்கம்மா அந்த மாசங்களில் நூறு நாள் வேலைக்குப் போனார். வேலை செய்கிற இடத்தில் மற்ற பெண்கள் கேட்பார்களாம்: "ஏன்டி, ஒம்புள்ளைக்கி வேல கெடைச்சிடுச்சின்னியே, நீ இன்னும் மம்புட்டி தூக்கிக்கிட்டு வர்ற?" சாயங்காலம் வந்ததும் என்னைப் பார்த்து, "ஏம்பா, இன்னிக்கும் வர்லியா?" என்பார். டீக்கடையில் ஊர்த்தெருக்காரர் ஒருவர்: "ஒங்களுக்கெல்லாம் கோட்டா இருக்கே, ஒடனே போட்டுடுவானே!"

போடவில்லை. என் சாதிச்சான்றின் மெய்த்தன்மையைச் சரிபார்க்க வேண்டும் என்று ஃபைல் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தது. அது மேசை மாறி மேசை போய்த் திரும்பிவர 11 மாசம். நான் ஒன்பது முறை போய் நின்றேன். சான்றைக் கொடுத்ததே அந்த ஆபீஸ்தான். கொடுத்தது உண்மையா என்று அவர்களையே கேட்டிருக்கிறார்கள், அதற்கு 11 மாசம். மத்திய அரசுப் பணிகளில், சான்று சரிபார்ப்புக்கு உட்பட்டது இந்த நியமனம், பொய்யென்று தெரிந்தால் நீக்கப்படுவீர் என்று ஆணையிலேயே எழுதி வேலையில் சேர்த்துக்கொள்ளும் முறை வெகுகாலமாக இருக்கிறது. ஆக, நிறுத்தி வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்பதில்லை. நிறுத்தி வைப்பது ஒரு தேர்வு. யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார்.

அந்த மாசங்களில்தான் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) நாவலைத் திரும்பவும் எடுத்தேன். எம்.ஏ.யில் படித்தபோது சிரித்துச் சிரித்துப் படித்தது. சிலுவை தன்னையே கிண்டல் செய்துகொள்கிற நடை தமிழுக்குப் புதுசு. இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை. கிறிஸ்தவ தலித்தாகப் பிறந்தவன், படித்து முடித்து வேலை தேடி அலைந்து, கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் வெளியேதான். சேரியில் சர்ச் இருந்தாலும் அது சேரிதான், கல்லறையில்கூடச் சுவர் எழுப்பியிருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்திக்குத் தெரியாது.

இந்த நாவலை எழுதும் விமர்சகர்கள் மதமாற்றத்தை 'அடையாளச் சிக்கல்', 'இருத்தலியல் அபத்தம்' என்று பெரிய வார்த்தைகளில் எழுதிவிட்டார்கள். எனக்கு அது பசியின் சிக்கலாகத் தெரிகிறது. முதல் நாவல் சிலுவையை வேலையின் வாசலுக்குக் கொண்டுவருகிறது. அடுத்து வந்த 'காலச்சுமை' உத்தியோகக்காரச் சிலுவையோடு நடக்கிறது. வாசலில் நின்ற நேரம் இரண்டு அட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. இது குறையா என்றால், ஆமாம், எனக்குக் குறைதான். தன்னைக் கிண்டல் செய்கிற மொழிக்கு வேகம் வேண்டும். காத்திருப்பில் வேகம் கிடையாது. அந்த மொழி அங்கே நிற்காமல் தாண்டிவிடுகிறது என்று நினைக்கிறேன். 2024-இல் மறைந்துவிட்ட அவரிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டேன்.

அவர் மறைந்த அதே நவம்பரில், 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர், எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டுப் போட்ட வழக்கு. அவர் கிறிஸ்தவத்தைப் பின்பற்றுகிறவர் என்று விசாரணையில் கண்டதாகச் சொல்லி மறுத்திருந்தார்கள். நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். சிலுவைராஜைக் கூண்டில் ஏற்றியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நம்பிக்கையை அளக்க நீதிமன்றத்திடம் ஒரு படி இருக்கிறது போலும். சாதியை அளப்பதற்கு அந்தப் படி ஏன் பயன்படுவதில்லை?

வேறு வகைத் தாமதங்களும் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி போலீஸ் வேலைக்குத் தேர்வானான். அதற்கு முன்னால், அம்பேத்கர் சிலைக்கு நடந்த அவமதிப்பைக் கண்டித்து மறியல் நடந்திருந்தது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341 பிரிவுகளில் வழக்கு, சேரி வாலிபர்கள் பெயரெல்லாம் வரிசையாக. சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும் வழக்கில் தொடர்புடையவர் என்றே கருதலாம் என்று தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதி சொல்கிறது. அவனுக்கு ஆர்டர் வரவேயில்லை. அந்த மறியலுக்கு ஆள் திரட்டியவர்களில் நானும் ஒருவன். என் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லை, நான் அன்று மைக் செட் கொண்டுவர டவுனுக்குப் போயிருந்தேன். இதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

2013-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் கதை ஊரறிந்தது. முதலில் வெயிட்டேஜ். பிறகு ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014-இல் கொடுத்த 5 சதவீத மதிப்பெண் தளர்வு செல்லுமா என்று வழக்கு. செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2016-இல். 2018 ஜூலையில் அரசாணை 149 வந்து, இன்னொரு போட்டித் தேர்வும் எழுது என்றது. தேறிய சான்றிதழுக்கு முதலில் 7 வருஷம்தான் ஆயுள். 2021-இல் அதை வாழ்நாள் முழுதும் என்று மாற்றினார்கள். சான்றிதழுக்கு ஆயுள் கூடியது, வைத்திருந்தவனுக்கு வயசு கூடியது. அதற்கும் முன்னால், 1.4.2003-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றானபோது, அதற்கு முன்பே தேர்வாகித் தாமதமாக ஆர்டர் வாங்கியவர்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள். சில மாசத் தாமதம் கிழவயசு வரைக்கும் நீளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் நம் பத்திரிகைகளில் ஏன் இது வரவில்லை? என் அனுபவத்தை அப்போதே எட்டுப் பக்கம் எழுதி நம் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஆசிரியர் நல்ல தோழர். போனில் சொன்னார்: "நல்லாருக்கு தோழர், ஆனா சம்பவம் ஒண்ணும் இல்லியே. சாதி எங்க வெளிப்படுதுன்னு காட்டுங்க." கோபம் வந்தது. ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை, நானும் அப்படித்தான் வாசிக்கப் பழகியிருந்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னது, தனிக் குவளை, எரிந்த குடிசை என்று காட்டினால்தான் சாட்சியம். நாம் சாட்சியம் எழுதத் தொடங்கியபோது அது தேவையாக இருந்தது, இன்றும் தேவை. ஆனால் ஆதிக்கம் கெட்ட வார்த்தை பேசாமல், "நாளைக்கு வாங்க" என்று மரியாதையாகப் பேசினால், அதை எழுத நம்மிடம் வடிவம் இல்லை. நடந்ததை எழுதுகிறோம். நடக்காமல் வைக்கப்பட்டதை எழுத, அண்ணல் பரோடா மனுவுக்குக் கொடுத்த அந்த நாலைந்து வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த எட்டுப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. எங்கள் அப்பாயி கிறிஸ்தவம். எங்கள் தாளில் இந்து ஆதிதிராவிடர். ஆனால் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று தொங்கும். அப்பாயி செத்த பிறகும் அம்மா அதற்கு வெள்ளிக்கிழமை பூ வைப்பார். ஆர்.ஐ. விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், நான்தான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் படத்தைக் கழற்றி, அப்பாயி சேலையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. ஊர்த்தெருவில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு, எங்கள் வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் அடுப்பு வேலை பார்ப்பார்.

17-ஆம் மாசம் ஆர்டர் வந்தது. அன்று சாயங்காலம் நான் பெட்டியைத் திறக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருப்பா. ரெண்டு வருஷம் புரபேஷன்னு சொன்னியே, அதுவும் முடியட்டும்."