அம்மிக்கு என்ன விலை?

போன மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு போன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முப்பது வருஷப் பழக்கம்.

“சார், கனடா ஃபாரம் ஒண்ணு பூர்த்தி பண்ணணும். இங்கிலீஷ் புரியுது. கேள்விதான் புரியலை. ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்.”

போனேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. குக்கர், இட்லிப் பானை, பித்தளைக் குத்துவிளக்கு, பேரனின் மூன்று சக்கர சைக்கிள், பட்டுப்புடவை மூட்டை, கொலு பொம்மைப் பெட்டி. மகள், மாப்பிள்ளை, இரண்டு குழந்தைகள் கனடாவில் குடியேறுகிறார்கள். சென்னை ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு சாமான்களை இங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், சாக்குத் துணியில் சுற்றி, ஓர் அம்மி. குழவியோடு.

“கேள்வி இதைப் பத்திதான்” என்றார் ஹெட்மாஸ்டர், அம்மியைக் காட்டி.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நாவல், சினிமா என்று ஏதாவது விமர்சனம் செய்வேன். இந்த வாரம் அந்த ஃபாரம். சிரிக்காதீர்கள். ஃபாரமும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதினதுதானே? நாவலைப் பாதியில் மூடி வைப்பவர்கள்கூட இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்கள். எழுதியவரின் மனசு இதிலும் தெரியும்.

முதலில் கதைச் சுருக்கம். கனடாவில் குடியேறுகிறவர் இரண்டு பட்டியல் தர வேண்டும். கையோடு கொண்டுவருவது ஒன்று, பின்னால் கப்பலில் வருவது இன்னொன்று. முதல் தடவை போய் இறங்கும்போதே இரண்டையும் சுங்க அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். பட்டியலில் இல்லாதது பிறகு வந்தால் வரி கேட்கலாம். நகை என்றால் ஒவ்வொன்றாக விவரித்து எழுதி, போட்டோவும் வைத்துக்கொள்வது நல்லது. வரியில்லாமல் போக ஒரு பொருளுக்கு மூன்று தகுதி வேண்டும்: அது உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும், உங்கள் வசம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வரி உண்டு.

படித்ததும் எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. முதல் கேள்வி ‘என்ன விலை’ இல்லை, ‘பயன்படுத்தினாயா’! விலை கேட்கிற கட்டமும் இருக்கிறது. ஆனால் அடி கறுத்துப்போன தோசைக்கல்லுக்கு இந்த ஃபாரத்தில் ஒரு கௌரவம் கிடைக்கிறது. ஸ்டிக்கர் பிரிக்காத புது மிக்ஸிக்கு அது இல்லை. ஐரோப்பியச் சட்டமும் அப்படித்தான். குறைந்தது ஆறு மாதம் வைத்துப் பயன்படுத்திய வீட்டுச் சாமான் என்றால் வரியில்லை. கொண்டுபோன பிறகு ஒரு வருஷத்துக்கு விற்கக் கூடாது. அமெரிக்காவில் கணக்கு ஒரு வருஷப் பயன்பாடு.

கனடா விதியில் இன்னொரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கல்யாணமாகி மூன்று மாதத்துக்குள் வந்து சேர்ந்தால், அல்லது வந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் என்றால், கல்யாணப் பரிசுகளுக்கும் மணப்பெண் கொண்டுவருகிற வீட்டுச் சாமான்களுக்கும் ‘பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை கிடையாது. அதாவது, சீர்வரிசைக்கு விலக்கு! ஒட்டாவாவில் உட்கார்ந்து இதை எழுதின ஆசாமிக்கு நம் ஊர்க் கல்யாணம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பெண் ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவாள் என்பது தெரிந்திருக்கிறது.

ஆச்சா? இப்போது அம்மி.

“இது யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். இதுதான் புரியாத கேள்வி. வீட்டு அம்மி யாருக்குச் சொந்தம் என்று இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மாவுடையது என்றால் அது மகளுக்குப் பரிசு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டதால் சீர் விலக்கும் கிடைக்காது.

“என்னா தம்பி இப்பிடிக் கேக்குறீங்க?” என்றார் அந்த அம்மா. “கல்யாணத்தன்னிக்கு இதும்மேலதான் கால் வெச்சா. அன்னிக்கே அவளுக்குன்னு சொல்லியாச்சு. ஃப்ளாட்டுல தரை போயிடும்னு இங்க வுட்டு வெச்சா. லீவுக்கு வந்தா அவதான் அரைப்பா.”

சொந்தம், வசம், பயன்பாடு. மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. ஜோடித்த பதில் இல்லை. ஒன்பது வருஷமாக உண்மையாக இருந்தது, சொல்ல வேண்டிய அவசியம்தான் வரவில்லை. நல்ல கேள்வி கேட்கிற ஃபாரம் ஒரு குடும்பத்துக்கே தன் கதையைச் சொல்லிக்கொடுக்கிறது.

மறுநாள் அம்மிக்குப் பெட்டி செய்ய விழுப்புரம் போனோம். அங்கேயும் ஒரு பாடம். கப்பலில் போகும் மரப்பெட்டிக்கு, பூச்சி சாகும்படி சூடேற்றி முத்திரை குத்திய மரம்தான் வேண்டும். 2002-ல் வந்த சர்வதேச விதி. பச்சைப் பலகையில் ஆணி அடித்து அனுப்பினால், அம்மி தப்பித்தாலும் பெட்டி மாட்டிக்கொள்ளும். அம்மியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. புடவை மடிப்பில் அவரை விதை ஒளித்துவைக்கவும் கூடாது. (அந்த அம்மா வைத்திருந்தார். எடுத்துவிட்டோம்.)

ரயிலடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பாண்டிச்சேரி வண்டி நின்றிருந்தது. 1879-ல் போட்ட பாதை. அதைப் பார்த்ததும் அந்த அம்மா ஒரு கதை சொன்னார்.

அவருடைய அம்மா விழுப்புரம் பக்கத்துப் பெண். 1951-ல் வாக்கப்பட்டது பிரெஞ்சு கிராமம் ஒன்றில். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் தென்னார்க்காட்டுக்குள் சிதறிக் கிடக்கும். அந்தப் பஸ்ஸில் போனால் இன்றைக்கும் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். இன்று போர்டு மட்டும்தான் மாறுகிறது. அன்றைக்கு அது தேச எல்லை. 1941-ல் ஏற்பட்ட சுங்க உடன்பாட்டை இந்திய அரசு 1949-ல் முடித்துக்கொண்டதும் எல்லையில் கெடுபிடி வந்துவிட்டது. சீர் வண்டியைச் சாவடியில் நிறுத்தி, பித்தளைப் பாத்திரத்தை ஒவ்வொன்றாக எண்ணினார்களாம்.

“அம்மியைப் பாத்துட்டு, ‘கல்லுதானே, போ’ன்னு வுட்டுட்டாங்களாம். எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

அந்த அம்மிதான் இது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, எல்லை போனது. அம்மி மகளோடு திண்டிவனம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களில் பல குடும்பங்கள் பிறகு பிரான்ஸுக்கே குடிபோயின. ஒரே தெருவில் அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன். அவர்களுக்கும் தட்டுமுட்டுச் சாமான் இருந்தது. அவர்களும் எதையோ எடுத்துக்கொண்டு, எதையோ விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

இதே விழுப்புரம், திண்டிவனம் தண்டவாளத்தில்தான் போட் மெயில் ஓடியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவு. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஒரு குடும்பம் கொண்டுவரக்கூடிய சொத்துக்கு வரம்பு வைத்தாலும், அதை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. நல்லெண்ணத்தில் எழுதின வரிதான். ஆனாலும் படிக்கும்போது உறுத்துகிறது. மூன்று தலைமுறை தேயிலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது காகிதத்துக்குக் கிடைத்தது ஒரு தொகை மட்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டு விதியையும் விமர்சித்துவிடுவதுதான் நேர்மை. 2016-ல் வந்து 2026 வரை நடப்பில் இருந்த பயணிகள் மூட்டை விதிகளை எடுத்துப் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடித்தனத்தோடு திரும்பியவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை சலுகை இருந்தது. தாராளம்தான். ஆனால் சலுகைப் பட்டியலில் வீடியோ கேசட் பிளேயர், ஃபேக்ஸ் மெஷின், வேர்ட் ப்ராசஸர்! 2016-ல் இதையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? பழைய பட்டியலைத் தூசி தட்டாமல் காப்பி அடித்த விஷயம் அப்பட்டமாகத் தெரிகிறது.

நகை விஷயம் இன்னும் மோசமாக இருந்தது. 1998 விதியில் பெண்ணுக்கு 20,000 ரூபாய், ஆணுக்கு 10,000. 2016-ல் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று எடையில் சொன்னார்கள். சந்தோஷம். கூடவே ‘ஒரு லட்சத்துக்கு மிகாமல்’, ‘ஐம்பதாயிரத்துக்கு மிகாமல்’ என்று ஒரு வால். 2025-ல் தங்கம் கிராம் பத்தாயிரத்தைத் தாண்டியபோது ஒரு லட்சத்துக்குப் பத்து கிராம்கூடத் தேறவில்லை. 40 கிராம் என்று விதி வாயால் சொன்னது, வால் அதில் முப்பதைப் பிடுங்கிக்கொண்டது.

அதே 2025-ன் ஜனவரியில் ஒரு வழக்கு. இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியைச் சென்னை விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டது பற்றியது. திருப்பிக் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மூட்டைக்கான விதி மூட்டையில் இருப்பதற்கு, உடம்பில் அணிந்திருப்பதற்கு அல்ல என்றார் நீதிபதி. மூட்டை வேறு, கழுத்து வேறு. இதைச் சொல்ல ஒரு ஹைகோர்ட் வேண்டியிருந்தது.

சுங்க அதிகாரி பக்கமும் நியாயம் இருக்கிறது. பெல்ட்டில், செருப்பில், வயிற்றுக்குள் எல்லாம் தங்கம் வருகிறது. நம் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை. ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத டி.வி-யை ‘பழைய துணி’ என்று எழுதத் துணிகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய்க்குத்தான் அடுத்து வருகிற அம்மாவின் தாலியை எடை போடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் தங்கம் கடத்துகிறவனையும் குடும்பம் பெயர்கிறவளையும் விலை ஒன்றை வைத்துப் பிரிக்க முடியாது. எத்தனை நாள் வைத்திருந்தாய், எதற்குப் பயன்படுத்தினாய் என்று கேட்டால் ஓரளவு பிரிக்கலாம். கனடா ஃபாரத்துக்கு நான் மார்க் போட்டது அதற்காகத்தான்.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. நகையோடு கிளம்பும்போது இங்கேயே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பி வருகிற அன்று, இது இங்கிருந்து போன நகைதான் என்று சொல்ல அந்தக் காகிதம் பேசும். இரண்டாவது, பாட்டி காலத்து விக்கிரகம், ஓலைச்சுவடி எல்லாம் பெட்டியில் போடுமுன் யோசியுங்கள். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளும், எழுபத்தைந்து வருஷம் தாண்டிய முக்கியமான சுவடியும் நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோகக் கூடாது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, ‘இது தொல்பொருள் இல்லை’ என்று சான்று வாங்கிக்கொள்ளலாம்.

திண்டிவனம் திரும்பி, சாயங்காலம் பட்டியலை எழுதி முடித்தோம். வரிசை எண் 41. ‘அரைக்கும் கல், கருங்கல், பழையது.’ விலைக் கட்டம் காலியாக இருந்தது. பழைய இரும்புக் கடையில்கூட அம்மியை எடுப்பதில்லை என்றார் ஹெட்மாஸ்டர். யோசித்து, ‘ஐந்து டாலர்’ என்று போட்டேன். அடுத்த வரியில், ‘42. குழவி’ என்று எழுத ஆரம்பித்தேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“ரெண்டா எழுதாதீங்க தம்பி. அது ஒண்ணுதான்.”

அடித்துவிட்டு, 41-லேயே சேர்த்து எழுதினேன்.