சாய்வெழுத்தின் எழிலும் தமிழ் அச்சும்: ஒரு நோக்கு

அழகு காலங்கடந்த குணம் என்னும் கொள்கை இலக்கியத் திறனாய்வில் வலுவாக மறுக்கப்பட்டுள்ளது. ஆயின், இலக்கியத்தைத் தாங்கிவரும் அச்செழுத்தின் அழகு அத்தகைய விசாரணைக்கு அரிதாகவே உட்பட்டுள்ளது. கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை ஈறாகக் காலி வீதியிலுள்ள நகைக்கடை, ஆடையகப் பெயர்ப்பலகைகளையும், கொட்டாஞ்சேனைத் தமிழர் வீடுகளுக்கு வந்துசேரும் திருமண அழைப்பிதழ்களையும் நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறிமாறி வரும் ஆங்கிலச் சாய்வெழுத்தே அங்கு அந்தஸ்தின் அடையாளமாகிறது. பக்கத்திலுள்ள தமிழெழுத்தும் அதனைப் பின்பற்றிச் சாய்க்கப்படுகிறது.

இவ்வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1501இல் வெனிசில் அல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட வேர்ஜிலின் பதிப்பே முழுவதும் சாய்வெழுத்தில் அச்சான முதல் நூல். பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அவ்வெழுத்து, அக்கால அறிஞரின் விரைவுக் கையெழுத்திலிருந்து பிறந்தது. கையடக்க நூலுக்குப் பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் டிடோ குடும்பத்தினரும் பார்மாவில் போடோனியும் தடிப்பு, மெலிவு வேறுபாட்டை உச்சத்துக்குக் கொண்டுசென்றனர். வழவழப்பான தாளும் நுண்ணிய வார்ப்பும் இன்றி அம்மயிரிழைக் கோடு நிலைக்காது. போடோனி பார்மாக் கோமகனின் அச்சகத்தை நடத்தியவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இன்று ‘வோக்’ சஞ்சிகையின் பெயரெழுத்து இம்மரபினதே. ஆகவே, இவ்வெழிலுக்குள் தாளின் விலையும் தொழிலாளியின் நுண்திறனும் ஒருங்கே அடங்கியுள்ளன.

தமிழின் நிலை வேறு. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே தடிப்பினது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது முதல் உலோகம் தனக்குரிய மாற்றங்களை எழுத்தில் ஏற்படுத்திற்று. சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் சீர்செய்த சிறிய எழுத்துகள், 1862இல் வெளியான வின்சுலோ அகராதியின் பெருந்தொகைச் சொற்களை ஒரே நூலில் அடக்க உதவின. எனவே, மேனாட்டார் கைபட்டது என்பதற்காக ஓரெழுத்தை ஒதுக்குதல் நம் நோக்கமன்று. அது யாருடைய வாசிப்புக்குப் பயன்படுகின்றது என்பதே வினா.

இலத்தீன் சாய்வெழுத்தில் பல எழுத்துகள் தம் உருவத்தையே மாற்றிக்கொள்கின்றன. கணினி செய்வதோ நேரெழுத்தைச் சரித்துவிடுவது மாத்திரமே. ‘எடு’ என்பதையும் ‘ஏடு’ என்பதையும் வேறுபடுத்துவது ஒரு சிறு கோடு. மெய்யை மெய்யாக்குவது ஒரு புள்ளி. கோட்டை மயிரிழையாக்கி, மலிவான தாளில் சிறிய அளவில் அச்சிட்டால் முதலில் மறைவன இவையே. அழைப்பிதழின் கனத்த அட்டையில் பொலியும் எழில், மாணவன் வாங்கும் மலிவுப் பதிப்பில் வாசிப்புக்குத் தடையாகிறது.

எழிலை வெறுப்பது முற்போக்காகாது. நூற்பெயரையும் அழுத்தத்தையும் வேறுபடுத்திக் காட்ட ஆய்வெழுத்துக்கு ஒரு துணையெழுத்து தேவையே. அது தமிழ்க் கையெழுத்தின் ஓட்டத்திலிருந்து வரையப்பட்டு, பத்திரிகைத் தாளில் சோதிக்கப்படல் வேண்டும். சாதாரண வாசகனின் கண்ணே அதற்கு உரைகல்லாகும்.