ஸ்காபரோ வீட்டில் ஹீற் பம்ப்: இரண்டு பனிக்காலத்து மீற்றர் கணக்கு

"அண்ணை, உது கரண்டை இழுத்துத் தள்ளுமாம். உண்மையோ?"

வீட்டில் ஹீற் பம்ப் பூட்டிய நாளிலிருந்து என்னிடம் கேட்காதவர் இல்லை. இப்படிக் கேட்டவன் மார்க்கம் நகரில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன். அவன் வீட்டு ஃபேர்னஸுக்கு வயதாகிவிட்டது. அடுத்த பனிக்காலத்துக்கு முன் மாற்றியே ஆகவேண்டும். அவனுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது அறுபதுகளில் கட்டிய வீடு. ஒரு பக்கச் சுவர் அயல்வீட்டோடு ஒட்டியது. பூட்டியிருப்பது 2 தொன், இன்வேர்ட்டர் வகை, கடுங்குளிருக்கென்று செய்தது. பழைய ஃபேர்னஸின் காற்றுக் குழாய்களையே இதற்கும் பயன்படுத்துகிறோம். பிறேக்கர் பெட்டிக்குள் ஹீற் பம்புக்குப் போகும் வயரில் ஒரு மீற்றர், அதோடு சேர்ந்து வரும் 10 கிலோவாற் மின்சூடாக்கிக்குப் போகும் வயரில் இன்னொரு மீற்றர். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் உண்மை பிடிபட்டது.

முதலில் நல்ல செய்தி. வெளியே 5 பாகை இருக்கும் ஒரு நவம்பர் நாளில் இந்த மெசின் எடுப்பது 600, 650 வாற். எங்கள் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தில் 1,500 வாற். கேத்திலில் பாதிகூட இல்லாத கரண்டில் மேல்மாடி, கீழ்மாடி, பேஸ்மென்ற் எல்லாம் 21 பாகையில் நிற்கின்றன. முதல் நாள் அலைபேசியில் அந்த எண்ணைப் பார்த்தபோது மீற்றரைத் தவறாக மாட்டிவிட்டேனோ என்று பேஸ்மென்றுக்கு இறங்கிப்போய்ப் பார்த்தேன்.

காரணம் எளியது. ஹீற் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சுடுவதும் இதே வேலையால்தான். மைனஸ் 10 பாகைக் காற்றிலும் வெப்பம் இருக்கிறது. அதைவிடக் குளிரான திரவம் ஒன்றைக் குழாய்க்குள் ஓடவிட்டால் அந்த வெப்பம் திரவத்துக்குள் ஏறி அதை ஆவியாக்கும், கொம்பிரசர் அந்த ஆவியை அமுக்கிச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்பும். இந்தச் சுமைகூலிக்குத்தான் கரண்ட். வெளியே குளிர் கூடக்கூட வெப்பத்தை ஏற்றவேண்டிய மேடும் செங்குத்தாகும், கூலியும் ஏறும். வீட்டுக்குத் தேவையான வெப்பமும் அதே நேரத்தில்தான் கூடுகிறது. அதனால் குளிர் இரண்டு பக்கத்தாலும் மீற்றரைத் தள்ளுகிறது.

என் கொப்பியில் இருப்பதைச் சொல்கிறேன். நாள் சராசரி 5 பாகை என்றால் ஒரு நாளுக்கு 15 யூனிற். பூச்சியம் என்றால் 25. மைனஸ் 8 என்றால் 47. மைனஸ் 15இல் கிடந்த ஒரு நாளில் 80 போனது. ஆகவே "ஹீற் பம்ப் நாளுக்கு எவ்வளவு எடுக்கும்?" என்று யாராவது ஒற்றை எண் சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு வெளியே என்ன குளிர் என்று கேளுங்கள்.

இனி நான் பட்ட பாடு. முதல் டிசம்பரில் 1,500 யூனிற் போயிருந்தது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டேன். பிழையான முடிவெடுத்துவிட்டோம், வீட்டுக்காரருக்கெல்லாம் சொல்லியும் விட்டோம் என்ற கவலை. பிறகு இரண்டாவது மீற்றரின் வரைபடத்தைத் திறந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு மின்சூடாக்கி முழுவேகத்தில் இரண்டு மணித்தியாலம். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

இரண்டு பிழைகள் சேர்ந்திருந்தன. மெசின் பூட்ட வந்தவர்கள், பூச்சியத்துக்குக் கீழே போனாலே மின்சூடாக்கி துணைக்கு வரலாம் என்று தெர்மோஸ்ரற்றில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மற்றது என் பழக்கம். ஃபேர்னஸ் காலத்தில் இரவில் 17க்குக் குறைத்து, காலையில் 21க்கு ஏற்றுவேன். ஃபேர்னஸுக்கு அது சரி. ஹீற் பம்போ ஆறுதலாக, நெடுநேரம் ஓடுகிற சாமான். விடிய ஒரேயடியாக நாலு பாகை ஏற்றச் சொன்னால், இதால் தனியே ஏலாது என்று தெர்மோஸ்ரற் மின்சூடாக்கியைக் கூப்பிடும். அதுவோ ஒரு யூனிற் கரண்டுக்கு ஒரு யூனிற் வெப்பம் மட்டும் தருவது. ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து யூனிற்.

தெர்மோஸ்ரற்றில் பூட்டியவர்களுக்கென்றே ஒரு மறைவான பட்டியல் இருக்கிறது. அதில் துணைச்சூட்டின் எல்லையை மைனஸ் 15க்கு மாற்றினேன். இரவிலும் பகலிலும் 21 என்று விட்டேன். முன்பு மைனஸ் 3 நாளொன்றில் 57 யூனிற் எடுத்த வீடு, அதே குளிரில் 34க்கு இறங்கியது. கரண்டைத் தின்கிறது என்று ஹீற் பம்பின்மேல் விழுகிற பழியில் பெரும்பங்கு இந்த மின்சூடாக்கிக்கு உரியது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்துச் சுடேல்லையே தம்பி, மெசின் பழுதோ?" என்றார். ஃபேர்னஸ் ஐம்பது பாகைக்குமேல் காற்றை அடித்து நிறுத்திவிடும், பிறகு அறை குளிரும். இது 35, 40 பாகைக் காற்றை விடாமல் மெல்ல அனுப்பிக்கொண்டிருக்கும். இளஞ்சூடாகத்தான் தெரியும். இரண்டு கிழமையில் அவருக்குப் பழகிவிட்டது. மேல்மாடி அறையில் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டார்.

பூச்சியத்தை ஒட்டிய ஈரமான நாட்கள் ஒரு தனிக்கதை. வெளி மெசினின் தகட்டில் வெண்பனி படியும். அதை உருக்க மெசின் சில நிமிடம் திசை மாறி, வீட்டு வெப்பத்தை வெளியே அனுப்பும். குபீரென்று நீராவி எழும்பும். முதல்முறை பார்த்த அயல்வீட்டார் புகை என்று நினைத்துக் கதவைத் தட்டினார். அப்படிப்பட்ட மூடுபனி நாளில், அதைவிடக் குளிரான காய்ந்த நாளைக் காட்டிலும் மீற்றர் கூட ஓடியதைக் கண்டிருக்கிறேன். உருகும் தண்ணீர் நடைபாதையில் ஓடி உறையாத இடமாகப் பார்த்து, உயரமான தாங்கியில் மெசினை வைக்கச் சொல்லுங்கள். இரைச்சல் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. கோடையில் இதுவே ஏசி.

இரண்டாவது பனிக்காலத்துக் கணக்கு: நவம்பர் தொடக்கம் ஏப்ரல் முடிய 5,200 யூனிற். இதில் ஜனவரி மட்டும் 1,150. ஃபேர்னஸ் காலத்தில் அதே ஆறு மாதத்துக்கு 1,450 கன மீற்றர் எரிவாயு எரித்தோம். ஒரு கன மீற்றர் நல்ல ஃபேர்னஸில் ஏறக்குறைய 10 யூனிற் வெப்பம் தரும். ஆக 14,500 யூனிற் வெப்பத்தை 5,200 யூனிற் கரண்டில் பெற்றிருக்கிறோம். ஒன்றுக்கு 2.8.

காசுக்கணக்கில் இவ்வளவு உற்சாகம் காட்ட முடியாது. ஒரு யூனிற் கரண்டின் முழு விலையை 2.8ஆல் வகுங்கள். ஒரு கன மீற்றர் வாயுவின் முழு விலையைப் பத்தால் வகுங்கள். எது சின்னது என்பதுதான் விடை. 2025 ஏப்ரல் 1 முதல் வாயு பில்லிலிருந்து கார்பன் கட்டணம் எடுபட்டதால் தராசு வாயுவின் பக்கம் சாய்ந்தது. எனக்குக் கைகொடுத்தது ஒன்ராறியோவில் 2023 மே மாதம் வந்த இரவுநேர மலிவுத் திட்டம். தொடங்கியபோது இரவு 11 முதல் காலை 7 வரை யூனிற் 2.4 சதம், வாரநாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சதம். பத்து மடங்கு! காலை 7க்கு முன்பும் மாலை 4க்கு முன்பும் வீட்டை ஒரு பாகை மட்டும் கூட்டிச் சூடாக்கிவிட்டு, விலை கூடிய நேரத்தில் மெதுவாக இறங்கவிடுகிறேன். பெரிய சேமிப்பென்று சொல்லமாட்டேன், முன்பைவிடச் சற்றுக் குறைவு. எனக்கு அதைவிட முக்கியம், இந்த மாகாணம் 2014இல் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட்டது. வீட்டுக்குள் நெருப்பு எரிக்காமல் பிள்ளைகள் சூடாகப் படுக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான நிம்மதி இருக்கிறது.

தம்பிக்குச் சொன்னது இதுதான். பழைய ஃபேர்னஸில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்து மெசின் வாங்காதே. என் ஃபேர்னஸில் மணிக்கு 80,000 பி.ரி.யூ, அதாவது 23 கிலோவாற், என்று இருந்தது. ஆனால் என் ஜனவரி வாயு பில் 310 கன மீற்றர். குளிக்கவும் சமைக்கவும் போனதைத் தெரிந்துகொள்ள ஜூலை பில்லைப் பார்த்து அதிலுள்ள 30ஐக் கழித்தேன். மிச்சம் 280, வெப்பமாக 2,800 யூனிற். மாதத்தின் 744 மணித்தியாலத்தால் வகுத்தால் சராசரி 3.8 கிலோவாற். மைனஸ் 18 பாகை இரவுக்கும் ஆறு, ஆறரை போதும். நாலு தொன் வேண்டுமென்று விலை கொடுத்த ஒருவரிடம் இந்தக் கணக்கைக் காட்டித்தான் 2 தொன்னுக்கு வந்தேன்.

"உன்ரை ஜனவரி பில்லை எடு" என்றேன். இலாச்சி திறக்கும் சத்தம் கேட்டது.

"340 எண்டு கிடக்கு அண்ணை."

"ஜூலை?"

"பொறுங்கோ, பாக்கிறன்."