இழந்தவரும் எழுதியவரும்

எழுத்தாளர் எதை இழந்தார் என்று துருவுவதே திறனாய்வு என எண்ணுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். புதினத்தில் ஒரு தாய் மடிந்தால், ஆசிரியரின் தாய் மடிந்த ஆண்டைத் தேடி ஓடுவர். கதையில் ஒருவன் குடித்து அழிந்தால், அவர் வீட்டில் குடித்தவர் யார் எனக் கேட்பர். ஆள் அகப்பட்டதும் ஆராய்ச்சி முடிந்தது! இது இலக்கிய ஆய்வா, காவல் நிலைய விசாரணையா?

இழப்பு எழுத்தை உருவாக்குவதில்லை என்று கூற வரவில்லை. உருவாக்குகிறது, எவ்வாறு என்பதே கேள்வி. விடை தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. புதுச்சத்திரத்தில் பாடம் சொல்லும் எனக்கு, எங்கள் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டு மண்ணிலேயே சான்று கிடைக்கிறது: பெருமாள்முருகன்.

1966-இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1991-இல் வந்த முதல் புதினமான 'ஏறுவெயில்' பறிபோன நிலத்தின் கதை. குடியிருப்பு வீடுகள் எழுவதற்காக உழுத காடு கைமாறுகிறது, பணம் வருகிறது, குடும்பம் குலைகிறது. தம் குடும்பம் பட்ட பாடே இதற்கு வித்து. ஆனால் 'மண்ணே, தாயே' என்று மாரடித்து அழும் பக்கம் இதில் இல்லை. நிலம் போனபின் உறவினர் ஒருவரையொருவர் எப்படி நோக்கினர் என்பதையே கண் இமைக்காமல் காட்டுகிறார். கண்ணீர் அவருடையது, கணக்கு ஊருடையது.

அடுத்தது 'நிழல்முற்றம்', 1993. தந்தை திரையரங்கில் சோடாக் கடை நடத்தினார். மகன் உடனிருந்து உதவினார். அந்த மகனே கதைத்தலைவன் ஆகியிருக்கலாம், எவர் தடுத்தார்? ஆகவில்லை. கூலிக்குச் சோடா விற்று அரங்கிலேயே படுத்துறங்கும் இளைஞர்களிடம் கதையை ஒப்படைத்தார்.

2000-இல் வந்த 'கூளமாதாரி'யில் இது இன்னும் தெளிவாகிறது. ஆடு மேய்த்த இளமை ஆசிரியருக்கு உண்டு. அந்த மேய்ச்சல் வெளியும் பனைமரமும் கிணறும் அவர் இழந்த உலகம். எனினும் அவ்வுலகைத் தம் போன்ற குடியானவர் வீட்டுப் பிள்ளையின் வாயிலாக அவர் பாடவில்லை. பண்ணையத்தில் ஆட்டுக்காரனாக விடப்பட்ட அருந்ததியச் சிறுவன் கூளையனை நடுவில் நிறுத்தினார். நிலக்காரர் மகன் செல்வனும் வருகிறான், தோழனாக. ஆனால் அடி வாங்குவது கூளையன். இழப்பதற்கு நிலம் இருந்தவனின் துயர் ஒன்று. இழக்கவும் ஏதுமற்றவனின் துயர் வேறு. முன்னதை அறிந்தவர் பின்னதை எழுதத் துணிந்தார். இழப்பு எழுத்தாளரை வளர்க்கிறது என்று சொல்வதானால் இப்பொருளில்தான் நான் சொல்வேன்.

இங்கேதான் துப்பறியும் திறனாய்வாளர் திணறுகிறார். 2010-இல் வந்த 'மாதொருபாகன்' நூலின் காளியும் பொன்னாவும் பிள்ளையில்லாத் துயரில் வேகிறார்கள். அது ஆசிரியர் வீட்டுத் துயரன்று. ஊர் ஏச்சைக் காதால் கேட்டு, அயலார் நெஞ்சுக்குள் நுழைந்து எழுதியது. ஆனால் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அந்நூலைக் கொளுத்தியவர்கள் என்ன செய்தனர்? கற்பனைப் பெண்ணை ஊர்ப் பெண்டிரின் உண்மைக் கதையாக வாசித்தனர்! பாத்திரத்துக்குப் பின்னால் ஆளைத் தேடும் பழக்கம் படிப்பறையில் இருந்தால் ஆராய்ச்சி. தெருவுக்கு வந்தால் தீப்பந்தம்.

2015 சனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன் 'அமைதிப் பேச்சு' நடந்தது. அதன்பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி ஆசிரியன் முருகன் மட்டுமே வாழ்வான் என அறிவித்தார். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு, அந்த 'மட்டுமே' இன்றும் சுடுகிறது. 2016 சூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் 'கோழையின் பாடல்கள்' கவிதைகளும், 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யும் வந்தன.

நிலத்தை இழந்தவர் இப்போது நாவையே இழந்து மீண்டிருந்தார். மனிதரை எழுத அச்சம், தெய்வங்களை எழுதப் பேரச்சம். எனவே ஆட்டை எழுதினேன் என்ற பொருள்பட முன்னுரை தந்தார். எள்ளலா, ஏக்கமா? இரண்டுமே.

பூனாச்சியை மெச்சுவோர் அதன் அரசியல் குறிப்புகளையே மெச்சுகின்றனர்: ஆட்டுக்குக் காது குத்தி எண் இடும் ஆட்சி, வரிசையில் நின்று வாய்மூடும் மக்கள். எனக்கு அப்பகுதிகள் மெலிந்தவையாகவே தோன்றுகின்றன. அங்கே ஆசிரியரின் சொந்தக் காயம் ஆட்டின் தோலை மீறித் தெரிகிறது. தாயற்ற குட்டி பாலுக்குத் தவிப்பதும், கிழவி அதனை வளர்க்கப் படும் பாடும் அப்படியல்ல. அங்கே முருகனைக் காணோம், ஆடு மட்டுமே நிற்கிறது. அதனால்தான் அப்பக்கங்கள் அடித்துப் போடுகின்றன.

இவரைப் புதிதாய்ப் படிக்க எண்ணும் தோழர்கள், வழக்கின் பரபரப்பால் ஈர்க்கப்பட்டு மாதொருபாகனிலோ, பூனாச்சியிலோ தொடங்காதீர்கள். கூளமாதாரியை எடுங்கள். கூளையன் யார் என்று மட்டும் ஆசிரியரைக் கேட்காதீர்கள். உங்கள் ஊரில் ஆடு மேய்த்தவர் யார் என்று கேளுங்கள்.