ஜெண்டேயா: சிறார் தொலைக்காட்சியிலிருந்து வளர்ந்தோர் திரைக்கு

ஜெண்டேயா (பிறப்பு: செப்டம்பர் 1, 1996) அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகை, தயாரிப்பாளர். டிஸ்னி சேனலின் சிறார் நகைச்சுவைத் தொடர்களில் பதின்பருவத்தில் அறிமுகமானார். பின்னர் எச்.பி.ஓ. தயாரித்த 'யூபோரியா' தொடருக்காக இரண்டு முறை எம்மி விருது பெற்றார். 'டூன்', 'சேலஞ்சர்ஸ்' ஆகிய படங்கள் அவரை ஹாலிவுட்டின் முன்னணி நடிகைகளில் ஒருவராக்கின. சிறார் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஒருவர் வளர்ந்தவர்களுக்கான நடிப்புக்குக் கடந்துசெல்வதற்கு அவருடைய பயணம் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. சிறுமியாக இருந்தபோது பார்வையாளர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கையே அவருடைய பின்னாளைய வேடங்களின் மூலப்பொருள். அந்த நம்பிக்கையை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதைக் கொண்டு அவருடைய முக்கியமான வேடங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சிறார் நட்சத்திரத்தின் சிக்கல்

சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன் சிறுவனாக ஈட்டிய பெரும்பணம் அவர் வளர்ந்து கேட்டபோது பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது. தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் அவர் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. இன்றைய வடிவில் அச்சட்டத்தின்படி சிறார் நடிகரின் ஊதியத்தில் 15 விழுக்காடு அவர் பெயரில் தனிக் கணக்கில் சேர்க்கப்படவேண்டும்.

சட்டத்தால் சிறார் நடிகரின் பணத்தைக் காக்க முடிந்தது. அவருடைய முகத்தின்மேல் யாருக்கு உரிமை என்ற கேள்வியை அதனால் தொடமுடியவில்லை. தொலைக்காட்சியில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். திரைப்படச் சிறுமியைப் பார்வையாளர் ஆண்டுக்கு ஓரிரு முறை திரையரங்கில் பார்க்கிறார். தொலைக்காட்சிச் சிறுமி வாரந்தோறும் வீட்டுக்கூடத்துக்கு வருகிறாள். பார்க்கும் குழந்தைகள் அவளுடன் சேர்ந்தே வளர்கிறார்கள். அவள் பெரியவளாகும்போது அவர்களுக்கு அது ஒரு இழப்பாகத் தோன்றுகிறது. அதனால் பல நடிகைகள் பழைய பிம்பத்தை ஒரே அடியில் உடைக்க முயன்றார்கள். உடல்காட்சிகள், அதிர்ச்சியூட்டும் பாடல்கள், குற்றவாளி வேடங்கள் ஆகியவை அதற்கான வழக்கமான கருவிகள். அந்த அதிர்ச்சி ஓரிரு ஆண்டு பேசப்படும். அதற்குப்பின் நடிப்பு என்று சொல்ல ஏதாவது எஞ்சுகிறதா என்பதே கேள்வி.

டிஸ்னி ஆண்டுகள்

ஜெண்டேயா கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். தாய் கோடைக்காலங்களில் கலிபோர்னியா ஷேக்ஸ்பியர் அரங்கில் பணியாற்றியதால் ஜெண்டேயா சிறுவயதிலேயே நாடக மேடையை அருகிலிருந்து பார்த்தார்.

2010 நவம்பரில் 'ஷேக் இட் அப்' தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 14. சிகாகோவில் ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆடும் இரு தோழிகளின் கதை அது. பெல்லா தோர்ன் நடித்த சீசீ துடுக்கானவள். ஜெண்டேயா நடித்த ராக்கி படிப்பில் கெட்டிக்காரி, தவறு செய்ய அஞ்சுபவள், தோழியைத் தடுத்து நிறுத்துபவள். சிரிப்பொலி சேர்க்கப்பட்ட இவ்வகைத் தொடர்களில் நடிப்பு உரத்ததாகவே இருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு முகபாவம், ஒவ்வொரு நகைச்சுவைக்குப் பின்னும் சிரிப்புக்காக ஒரு நிறுத்தம். ஜெண்டேயாவும் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டே நடித்தார். இன்று பார்த்தால் அவருடைய பிற்கால நடிப்பின் சாயல் அதில் மிகக் குறைவு. ஆனால் மூன்று பருவங்களில் ஒன்று உறுதியானது: திரையில் இந்தப் பெண் சொல்வதை நம்பலாம் என்ற எண்ணம்.

2015இல் தொடங்கிய 'கே.சி. அண்டர்கவர்' இப்பயணத்தின் முதல் திருப்பம். டிஸ்னிக்குத் திரும்ப அவர் சில நிபந்தனைகளை முன்வைத்ததாக நேர்காணல்களில் கூறியிருக்கிறார். தொடரின் தயாரிப்பாளர்களுள் ஒருவராகத் தன்னைச் சேர்க்கவேண்டும். முதலில் வைத்திருந்த பெயரை மாற்றவேண்டும். நாயகி பாடவோ ஆடவோ கூடாது. அவளுக்குக் கணிதமும் தற்காப்புக் கலையும் தெரிந்திருக்கவேண்டும். தொடரின் மையத்தில் கறுப்பினக் குடும்பம் இருக்கவேண்டும். அப்போது அவருக்கு வயது 18ஐ ஒட்டி. தொடர் என்ற அளவில் அது வழக்கமான சிறார் பொழுதுபோக்குதான். ஆனால் தன் முகம் எதற்குப் பயன்படவேண்டும் என்பதில் அவருக்கு அங்கே முதன்முறையாக ஒரு சொல் கிடைத்தது. பின்னாளில் 'மால்கம் அண்ட் மேரி', 'சேலஞ்சர்ஸ்' ஆகிய படங்களிலும் அவர் தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருந்தது இதன் தொடர்ச்சியே.

சிறிய வேடங்கள்

டிஸ்னியிலிருந்து வெளியேறும் நடிகைகள் பெரும்பாலும் உடனே நாயகி வேடத்தைத் தேடுவது வழக்கம். ஜெண்டேயாவின் முதல் பெரிய திரைப்படமான 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்'கில் (2017) அவருக்குக் கிடைத்தது சில காட்சிகள் மட்டுமே. மிஷேல் என்ற அந்த மாணவி ஓரமாக உட்கார்ந்து புத்தகம் படிப்பாள், எல்லோரையும் கவனிப்பாள், ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். சிரிப்புக்காகக் காத்து நிற்கும் பழக்கத்தை ஜெண்டேயா இங்கே முழுவதும் கைவிட்டார். வரியைச் சொன்னபின் அது எங்கே விழுந்தது என்று அவர் பார்ப்பதே இல்லை. கவனிக்கும் முகம் என்ற அவருடைய பிற்கால அடையாளம் இந்தச் சிறிய வேடத்திலேயே தொடங்கிவிட்டது.

யூபோரியா: நம்பவைக்கும் பொய்

சாம் லெவின்சன் உருவாக்கிய 'யூபோரியா' 2019 ஜூனில் ஒளிபரப்பானது. போதைக்கு அடிமையான பள்ளி மாணவி ரூ பென்னட் மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்புவதில் கதை தொடங்குகிறது. திருந்தும் எண்ணம் அவளுக்கு இல்லை என்பதை அவளே பார்வையாளரிடம் சொல்லிவிடுகிறாள். முதல் அத்தியாயத்திலேயே தாயின் பரிசோதனையை ஏமாற்றத் தோழியிடம் சிறுநீர் வாங்கிச் செல்கிறாள். கதைசொல்லியும் அவள்தான். தான் நம்பத்தகாத கதைசொல்லி என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆனாலும் பார்வையாளர் நம்புகிறார்.

இந்த நம்பிக்கைதான் தொடரின் அடித்தளம். அறிமுகமில்லாத ஒரு முகம் இவ்வளவு பொய் சொன்னால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பார்வையாளர் விலகிவிடக்கூடும். ராக்கியாகவும் கே.சி.யாகவும் பழகிய முகம் சொல்லும்போது விலகமுடிவதில்லை. ரூவின் தாயும் தங்கையும் மீண்டும் மீண்டும் ஏமாறுவது ஏன் என்பதை எவரும் விளக்காமலேயே பார்வையாளர் தன் அனுபவமாக உணர்கிறார். தன் சிறார் தொடர்களின் ரசிகர்கள் இதைத் தேடிவருவார்கள் என்பதை ஜெண்டேயா அறிந்திருந்தார். இரு பருவங்களும் ஒளிபரப்பாவதற்கு முன் இது முதிர்ந்த பார்வையாளர்களுக்கான தொடர் என்று சமூக ஊடகத்தில் எச்சரித்தார்.

இரண்டு அத்தியாயங்கள் அவருடைய நடிப்பின் இரு எல்லைகள். 2020 டிசம்பரில் வந்த சிறப்பு அத்தியாயம் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் நடக்கிறது. ரூவும், அவளுக்கு வழிகாட்டும் அலியும் (கோல்மன் டோமிங்கோ) பேசுகிறார்கள்; அவ்வளவுதான். பேச்சின் பெரும்பகுதி டோமிங்கோவுடையது. ஜெண்டேயா கேட்கிறார். முதலில் கிண்டலாக, பிறகு எரிச்சலாக, பிறகு தப்பமுடியாமல். கேட்பதையே நடிப்பாக்கும் இந்தத் திறன் சிரிப்பொலித் தொடர்கள் கற்றுத்தந்ததற்கு நேர் எதிரானது.

2022இல் வெளிவந்த இரண்டாம் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயம் மறு எல்லை. தாய் போதைப்பொருளை அழித்துவிட்டாள் என்று அறிந்ததும் ரூ கதவுகளை உடைக்கிறாள், தாயையும் தங்கையையும் காயப்படுத்தும் சொற்களைத் தேடித் தேடிச் சொல்கிறாள், மறுகணம் குழந்தைபோல் கெஞ்சுகிறாள், பிறகு தெருவில் ஓடுகிறாள். சீற்றத்திலிருந்து கெஞ்சலுக்கும் கெஞ்சலிலிருந்து சீற்றத்துக்கும் மாறும் வேகத்தில் எது உண்மை, எது பணம் பறிக்கும் தந்திரம் என்பது தெரிவதில்லை. ரூவுக்கும் தெரியாது என்பதை ஜெண்டேயா காட்டிவிடுகிறார்.

2020இல் 24 வயதில் நாடகத் தொடருக்கான சிறந்த நடிகை எம்மி விருதை மிக இளவயதில் பெற்றவரானார். 2022இல் அதே விருதை மீண்டும் பெற்றார். தொடரைப் பற்றிய புகார்கள் வேறு. போதையை அழகான ஒளியிலும் இசையிலும் காட்டுகிறது, பதின்பருவத்தினரின் உடல்களை அளவுக்குமீறிக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டுகள் நியாயமானவை. தொடரின் அலங்காரத்துக்கும் ரூவின் அவலத்துக்கும் இடையிலான முரணைத் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் ஜெண்டேயாவின் நடிப்பே. அவர் இல்லாத காட்சிகளில் அந்த முரண் வெளிப்படையாகவே தெரிகிறது.

மால்கம் அண்ட் மேரி: ஒரு இடறல்

பெருந்தொற்றுக் காலத்தில் லெவின்சன் இயக்கிய 'மால்கம் அண்ட் மேரி' (2021) இரண்டே நடிகர்கள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். திரைப்பட இயக்குநரும் அவருடைய காதலியும் ஓர் இரவு முழுக்கச் சண்டையிடுகிறார்கள். திரை விமர்சகர்கள்மீது இயக்குநருக்குள்ள கோபத்தை மால்கம் நீண்ட வசனங்களாகப் பேசுகிறார். மேரி அவற்றைக் கேட்டு நிற்கிறாள். கேட்கும் முகம் இங்கே உதவவில்லை, ஏனென்றால் கேட்கப்படும் சொற்களில் போதிய கனம் இல்லை. ஜான் டேவிட் வாஷிங்டன் அவரைவிட 12 வயது மூத்தவர். வயது வேறுபாட்டைவிட எழுத்தில் உள்ள சமமின்மையே படத்தைப் பாதிக்கிறது.

ஒரு காட்சி மட்டும் விதிவிலக்கு. மேரி கையில் கத்தியுடன் தான் மீண்டும் போதைக்குத் திரும்பிவிட்டதாக அழுது ஒப்புக்கொள்கிறாள். மால்கம் நடுங்கிப்போகிறான். சட்டென அழுகை நிற்கிறது. தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த வேடத்தைத் தனக்குத் தராத காதலனுக்குத் தன்னால் என்ன செய்யமுடியும் என்று அவள் நடித்துக் காட்டியிருக்கிறாள். ரூவைப் பார்த்தவர்களும் மால்கமுடன் சேர்ந்தே ஏமாறுகிறார்கள். பலவீனமான ஒரு படத்தில் ஜெண்டேயாவின் நடிப்புமுறையைத் தெளிவாகக் காட்டும் காட்சி இது.

டூன்: நம்ப மறுப்பவள்

டெனி வில்னவ் இயக்கிய 'டூன்' (2021) படத்தைத் தொடங்கிவைப்பது சானியின் குரல். ஆனால் அவர் திரையில் இருப்பது சில நிமிடங்களே. இரண்டாம் பாகம் (2024) அந்தப் பாத்திரத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலில் சானி பாலின் துணைவியாக இறுதிவரை அவனோடு நிற்கிறாள். படத்தில் அவள் தீர்க்கதரிசனத்தை நம்பாதவள். அந்நிய ஆட்சியாளர்கள் தன் மக்களை அடக்கிவைக்கப் பரப்பிய கதை அது என்பது அவளுடைய உறுதியான எண்ணம். பாலை உயிர்ப்பிக்க அவளுடைய கண்ணீர் தேவைப்படுகிறது. அதையும் அவள் விருப்பத்துக்கு மாறாகவே பெறுகிறார்கள். பால் எழுந்ததும் அவனை அறைகிறாள்.

இறுதியில் எல்லோரும் மண்டியிடும்போது அவள் நின்றுகொண்டிருக்கிறாள். பிறகு தனியாகப் பாலைவனத்துக்குச் செல்கிறாள். படத்தின் கடைசிப் பிம்பம் அவளுடைய முகம். பேரரசனின் வெற்றியைப் பார்வையாளர் கொண்டாட வேண்டுமா, அஞ்ச வேண்டுமா என்பதை அந்த முகமே முடிவுசெய்கிறது. வசனம் ஏதும் இல்லாமல் மூன்று மணிநேரக் காவியத்தின் நீதியைச் சுமக்கும் பொறுப்பை வில்னவ் அவரிடம் ஒப்படைத்தார் என்றால், அங்கும் பார்வையாளர் இந்த முகத்தை நம்புவார் என்ற கணக்கு இருக்கிறது.

சேலஞ்சர்ஸ்: முதல் முழுமையான பெரியவள்

ஜெண்டேயாவின் பயணத்தில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு தேக்கம் உண்டு. 25 வயதிலும் அவர் பள்ளி மாணவியாகவே நடித்துக்கொண்டிருந்தார். 'ஸ்பைடர்மேன்' வரிசையின் மூன்றாம் படமும் 'யூபோரியா'வின் இரண்டாம் பருவமும் அடுத்தடுத்த மாதங்களில் வந்தவை. பெரியவர்களுக்கான கதையில் சிறுமியாக நடிப்பது, பெரியவளாக நடிப்பது ஆகாது.

லூக்கா குவாடக்னினோ இயக்கிய 'சேலஞ்சர்ஸ்' (2024) அந்தத் தேக்கத்தை உடைத்தது. டாஷி டங்கன் டென்னிஸில் உச்சத்தைத் தொடவிருந்தவள். கல்லூரிக் காலத்தில் முழங்காலில் ஏற்பட்ட காயம் ஆட்டத்தை முடித்துவிடுகிறது. கணவன் ஆர்ட்டின் பயிற்சியாளராகி அவன் வழியாகவே ஆட்டத்தில் நீடிக்கிறாள். 2006 முதல் 2019 வரை முன்னும் பின்னுமாக நகரும் கதையில் 18 வயதுப் பெண்ணையும், 30ஐத் தாண்டிய தாயையும் ஜெண்டேயாவே நடிக்கவேண்டியிருந்தது. ஒப்பனையை நம்பாமல் உடலின் அசைவால் அவர் வயதைக் காட்டுகிறார். இளைய டாஷி எங்கும் தடையின்றிப் பாய்கிறாள். மூத்தவள் ஒவ்வொரு அடியையும் அளந்து வைக்கிறாள்.

தோற்றால் விட்டுப்போவேன் என்று கணவனிடம் சொல்பவள், அதே இரவில் அவனுடைய எதிராளியான பழைய காதலன் பேட்ரிக்கிடம் போய் வேண்டுமென்றே தோற்கும்படி கேட்கிறாள். எந்த ஆணை அவள் விரும்புகிறாள் என்பதைப் படம் சொல்வதில்லை. ஜெண்டேயாவின் முகமும் சொல்வதில்லை. அவள் விரும்புவது ஆட்டத்தை மட்டுமே என்பது கடைசி நொடியில் எழும் அவளுடைய கூச்சலில்தான் வெளிப்படுகிறது. தன்மேல் பிறர் வைத்த நம்பிக்கையைக் கருவியாகப் பயன்படுத்தும் பெண்ணை இரக்கம் கோராமல் நடித்திருப்பதே இவ்வேடத்தின் சாதனை.

மதிப்பீடு

ஜெண்டேயாவின் நடிப்பில் வரம்புகள் உண்டு. அடக்கம் அவருடைய பலம். அதுவே பழக்கமாகிவிடும் ஆபத்தும் உள்ளது. மிஷேல், சானி, டாஷி ஆகிய மூவரிடமும் எதையும் விட்டுக்கொடுக்காத ஒரே பார்வை அவ்வப்போது தென்படுகிறது. அந்தக் கவசத்தை முழுவதுமாகக் கழற்றிய வேடம் ரூ ஒன்றே. மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்த பாதை என்பதால் பெரும் சறுக்கல்கள் குறைவு. அதே காரணத்தால் துணிந்து தோற்கும் வேடங்களும் குறைவு.

எனினும் சிறார் நட்சத்திரத்தின் சிக்கலுக்கு அவர் கண்ட வழி முக்கியமானது. அந்தச் சிறுமியை அவர் வெட்கத்துடன் ஒளிக்கவும் இல்லை, பகைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் குழந்தைகளின் நம்பிக்கையைக் கொண்டு உருவாக்கிய முகத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். பொய் சொல்பவள், சூழ்ச்சி செய்பவள், நம்ப மறுப்பவள் என அதை எந்த வேடத்துக்குத் தருவது என்பதைத் தாமே தீர்மானித்தார். கே.சி.க்கு அவர் விதித்த நிபந்தனைகளிலிருந்து டாஷியின் கூச்சல் வரை தொடர்வது இந்த உரிமையே.