திருடனின் வேலையைப் பறித்த மந்திரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தில் அளவுக்கு மிஞ்சிய மந்திரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஃபயர்பாலின் பெயர் சீக்கிரமே வந்துவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது மூன்றாம் நிலை மந்திரம். 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோர்மீதும் 8 ஆறுமுகப் பகடைகளின் அளவுக்குத் தீ பாயும். புதிய மந்திரங்களை உருவாக்குவோருக்காக அதே பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. பலரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு 6 பகடைதான் அளவு என்கிறது அது. ஆக, ஃபயர்பால் தன் நிலையை மீறிய மந்திரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதனால் ஆட்டம் கெட்டதா என்றால், இல்லை. எதிரியின் உயிர்ப்புள்ளியைக் குறைப்பதுதான் அதன் வேலை. போர்வீரனின் வாளும் அதையே செய்கிறது. மந்திரவாதி பத்துப் பேரைச் சுட்டெரித்த பிறகும் வீரனுக்கு வெட்ட ஆள் மிச்சமிருக்கும்.

பூட்டைத் திறக்கும் ‘நாக்’ வேறு வகை.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் விதிநூலிலேயே நாக் இருந்தது. திருடன் என்ற வகுப்பு மறு ஆண்டு ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில்தான் வந்தது. பூட்டைத் திறக்கும் தொழிலுக்கு ஆள் வருவதற்கு முன்பே அந்த வேலையை மந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் முதல் லெவல் திருடன் ஒரு பூட்டைத் திறக்க 25 சதவீத வாய்ப்புதான். நாக்குக்குப் பகடையே வேண்டாம். சொன்னால் கதவு திறந்துவிடும். எண்களைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மேசையில் ஒருவர் ஆசையாக வளர்த்த திறமையை இன்னொருவர் ஒரே வார்த்தையில் வேண்டாததாக்குகிறார் என்பதுதான் இங்கே குறை.

தொடக்க கால விதிகளுக்கு இது தெரியாமலில்லை. ஜாக் வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ (1950) கதைகளிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட முறைப்படி, மனப்பாடம் செய்த மந்திரம் சொன்னவுடன் நினைவிலிருந்து அழிந்துவிடும். முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். அவனுடைய உயிருக்கு நாலுமுகப் பகடை ஒன்றுதான். அன்றைக்கு நாக்கைப் படித்தவன் அந்த இடத்தில் வேறொன்றைப் படித்திருக்க முடியாது. சொல்லிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் மந்திரம் வீணாகும். குறுகிய சுரங்கத்தில் வீசிய ஃபயர்பால் இடம் போதாமல் பரவி, வீசியவனையே எரிக்கும். ஹேஸ்ட் வேகத்தைக் கூட்டும், கூடவே ஆயுளில் ஓராண்டைத் தின்றுவிடும். இரண்டாம் லெவலை எட்டத் திருடனுக்கு 1,251 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கோ 2,501 வேண்டும். இவை கடுமையான விதிகள், சில அநியாயமானவைகூட. ஆனாலும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை இருந்தது, அது எல்லோர் கண்முன்னும் செலுத்தப்பட்டது.

2000இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு இந்த விலைகளை ஏறக்குறைய மொத்தமாகத் தள்ளுபடி செய்தது. அனுபவப் புள்ளி அட்டவணை எல்லோருக்கும் ஒன்றானது. ஆயுள் தேய்வது போயிற்று. எதிரி அருகில் நின்றாலும் ஒரு பகடையில் வென்றால் மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மந்திரச் சுருள் எழுதும் திறன் மந்திரவாதிக்கு முதல் லெவலிலேயே கிடைத்தது. நாக்கைச் சுருளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் அன்றைய மந்திரக் கணக்கில் அது சேராது. ஹேஸ்ட் ஒரு கூடுதல் செயலைத் தந்ததால் ஒரே சுற்றில் இரண்டு மந்திரம் சொல்ல முடிந்தது. ‘ஹார்ம்’ தொட்ட மாத்திரத்தில், தப்பிக்கப் பகடை உருட்டவும் வழியின்றி, எவ்வளவு பெரிய டிராகனையும் சாவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. 2003இன் 3.5 திருத்தம் இவ்விரண்டையும் அடக்கியது. அடித்தளத்தை அது தொடவில்லை.

2008இன் நான்காம் பதிப்பு நோயைச் சரியாகவே கண்டறிந்தது. எல்லா வகுப்புகளுக்கும் ஒரே சட்டகம். சண்டைக்கு வெளியே பயன்படும் நாக் போன்றவை நேரமும் பொன்னும் கேட்கும் சடங்குகளாயின. ஆனால் வாள்வீச்சும் மந்திரமும் தாளில் ஒன்றுபோலத் தெரிந்ததைப் பலர் ஏற்கவில்லை. 3.5இன் வழியிலேயே தொடர்ந்த பாத்ஃபைண்டரை 2009இல் பைசோ வெளியிட்டபோது அவர்கள் அங்கே போனார்கள்.

ஐந்தாம் பதிப்பின் மிகச் சிறந்த விதி எது என்றால் கான்சென்ட்ரேஷன் என்றே சொல்ல வேண்டும். நீடித்து நிற்கும் வலிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒருவர் தாங்க முடியும். பறத்தலையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைதலையும் ஹேஸ்டையும் ஒரே மந்திரவாதி சேர்த்துத் தாங்க முடியாது. தாங்குபவர் அடிபட்டால் 10 அல்லது பட்ட அடியில் பாதி, இவற்றில் எது பெரிதோ அந்த இலக்கை எதிர்த்துப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் மந்திரம் கலையும். அடிபட்டால் மந்திரம் வீணாகும் என்ற பழைய விதியின் நியாயம் இதில் திரும்பி வந்திருக்கிறது, அதன் கொடுமை வரவில்லை. முன்னால் நின்று அடி வாங்கும் வீரனுக்கும் இதனால் மதிப்புக் கூடியது: அவன் காப்பது தோழனின் உயிரை மட்டுமல்ல, தோழனின் மந்திரத்தையும்தான்.

நாக்கும் இங்கே மாறியது. பூட்டு திறக்கும், ஆனால் 300 அடி தூரத்துக்குக் கேட்கும் தட்டல் ஓசை எழும். ஓசையின்றித் திறக்கத் திருடன் வேண்டும். 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இன்னும் அழகாக யோசித்தது: நாக், கதவைத் திறக்க முயல்பவருக்கு 4 புள்ளி கூட்டித் தரும். மந்திரவாதி திருடனுக்குக் கைகொடுக்கிறார், அவனை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதே நூலின் இன்கேபசிடேஷன் விதி அவ்வளவு நிறைவு தருவதில்லை. தன் நிலையைப் போல இருமடங்குக்கு மேல் லெவலுள்ள எதிரிமீது செயலிழக்கச் செய்யும் மந்திரம் பாய்ந்தால், எதிரியின் பகடை முடிவு ஒரு படி உயரும். கணக்கு சரிதான். ஆனால் பெரிய சண்டைக்கென்று சேமித்து வைத்த மந்திரம் பெரிய எதிரியிடம் பிசுபிசுத்துப் போகிறது. ஆட்டக்காரருக்கு அது வலிக்கும்.

வேறு ஆட்டங்கள் வேறு வழி கண்டன. 1981இல் வந்த ‘கால் ஆஃப் துலு’வில் மந்திரம் சொன்னால் மனநலம் தேயும். 1987இன் ‘ஆர்ஸ் மேஜிகா’ சமநிலையையே தேடவில்லை: மந்திரவாதிகள்தான் வலியவர்கள், ஆனால் ஆட்டக்காரர்கள் மாறி மாறி மந்திரவாதியாகவும் துணையாளாகவும் காவலாளாகவும் ஆடுவார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோனதன் ட்வீட், பின்னர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். முறைவைத்து ஆடும் அந்த ஏற்பாடு மட்டும் அங்கே வரவில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தம் பல ஓட்டைகளை அடைத்தது. எட்டு ஓநாய்களை வரவழைத்து மேசை முழுவதையும் காத்திருக்க வைத்த ‘கான்ஜர் அனிமல்ஸ்’ இப்போது ஆவி வடிவான ஒரே கூட்டம். தன் நகலைக்கொண்டு மேலும் நகல்களை ஆக்கும் தந்திரத்துக்கு ‘சிமுலாக்ரம்’ இடம் தருவதில்லை. ஆனால் ‘டைனி ஹட்’ இன்னும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எட்டு மணி நேரம் நிற்கும் இந்தக் கூடாரத்துக்குள் வெளியாளோ அம்போ நுழைய முடியாது. சடங்காகச் சொன்னால் மந்திரச் செலவும் கிடையாது. காட்டில் இரவு தங்குவதில் இருந்த அச்சமும், யார் எப்போது விழித்திருப்பது என்ற பேச்சும், ரேஞ்சரின் கூர்ந்த காதும் இதனால் வேலையற்றுப் போகின்றன. 3.5இன் கூடாரம் குளிரையும் காற்றையும் தடுத்தது, உள்ளே இருப்பவர்களை மறைத்தது, ஆனால் அம்பை உள்ளே விட்டது. அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தாலே போதும். யாராவது ஒருவர் காவலுக்கு விழித்திருக்க வேண்டிவரும்.