லர்ச்சர் நாயை ரசிப்பது எப்படி?

வேட்டை நாய் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றே. ஒட்டிய வயிறும் நீண்ட முகமுமாக, அவிழ்த்துவிட்ட கணத்திலேயே புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்துவிடும் ஒரு பிராணி. அதன் வம்சாவளியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பெருமிதத்தோடு அருகில் நிற்கும் ஓர் எஜமானர். சிப்பிப்பாறையின் கால் நீளத்தையும் கன்னியின் நிறத்தையும் பற்றிப் பொழுது சாயும்வரை பேச வல்ல நாய்ப் பிரியர்கள்கூட, இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் குடியானவர் வீட்டு முற்றங்களில் வளரும் லர்ச்சரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது கலப்பு நாய்தானே!" என்று ஒரே வாக்கியத்தில் அதைத் தள்ளிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவதைக் கண்டு நான் பலமுறை மனம் புழுங்கியிருக்கிறேன். கலப்பு நாய்தான், யார் இல்லை என்றார்கள்? அழகுக்காகவும் சான்றிதழுக்காகவும் அல்லாமல், செய்யவேண்டிய காரியம் ஒன்றை மட்டுமே மனத்தில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கப்பட்ட கலப்பு அது. அதன் ஓட்டத்தைப் பார்க்கத் தெரிந்துகொண்டவனுக்கு மற்ற நாய்களின் ஓட்டம் பாதிக்கு மேல் சுவைக்காது.

அடிப்படை விஷயங்களை விரைவிலே சொல்லி முடித்துவிடுகிறேன். கிரேஹவுண்ட், விப்பெட், டீர்ஹவுண்ட், சலூக்கி என்று மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய்களில் ஒன்றை, ஆடு மேய்க்கும் கோலி நாயோடோ, பெட்லிங்டன் போன்ற டெரியரோடோ சேர்த்துப் பெற்ற வாரிசே லர்ச்சர். கண்ணால் வேட்டையாடும் இனங்கள் இரண்டைத் தமக்குள் சேர்த்தால் பிறப்பது லாங்டாக். அது வேறு சரக்கு. லர்ச்சருக்கு உயரம் இவ்வளவு, நிறம் இன்னது என்ற விதி கிடையாது. பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக அங்கீகரித்ததும் இல்லை. கிரேஹவுண்ட் தன் பங்குக்கு வேகத்தையும் பெரிய இருதயத்தையும் தருகிறது. கோலி புத்தியையும் கீழ்ப்படிதலையும் கல்லிலும் முள்ளிலும் தேயாத பாதங்களையும் தருகிறது. டெரியர் பின்வாங்காத நெஞ்சுரத்தைத் தருகிறது. இவ்வளவுதான்.

சரித்திரத்திலும் ஓரிரு செய்திகள் மட்டும் போதும். இங்கிலாந்தில் வேட்டை என்பது நெடுங்காலம் பிரபுக்களின் தனிச் சொத்தாக இருந்தது. 1217ஆம் ஆண்டின் வன சாசனத்திலேயே அரச வனங்களை அடுத்து வாழ்ந்தோரின் நாய்களுக்கு முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடும் வழக்கம் பேசப்படுகிறது. 1390ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் காலத்தில், ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் இல்லாத குடிமகன் வேட்டை நாயே வைத்திருக்கலாகாது என்று சட்டம் வந்தது. இத்தகைய தேசத்தில் ஏழையின் அடுப்புக்கு முயல் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய நாய், குரைக்காமல் ஓடவும், ஒரு சைகைக்குத் திரும்பவும், பிடித்ததைக் கசக்காமல் எஜமானர் கையில் கொடுக்கவும் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. தாமஸ் பியூயிக் 1790இல் வெளியிட்ட நாற்கால் பிராணிகளைப் பற்றிய நூலில் லர்ச்சருக்கென்று தனிச் சித்திரமே செதுக்கியிருக்கிறார். தம் பயிரைத் தின்னும் முயல்களைப் பிடித்துக்கொள்ளும் உரிமை குத்தகை விவசாயிகளுக்கு 1880இல்தான் கிடைத்தது. அதுவரை லர்ச்சர் செய்த வேலையில் பெரும்பகுதி திருட்டு வேலையே. அந்தத் திருட்டுதான் அதற்குப் பள்ளிக்கூடம்.

இனி, நான் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

லங்காஷயரில் ஆல்ட்கார் வெளிகளில் 1836 தொடங்கி 2005 வரை வாட்டர்லூ கோப்பை என்றொரு போட்டி நடந்து வந்தது. காட்டு முயல் ஒன்று முன்னே ஓட, அதன் பின்னால் இரண்டு கிரேஹவுண்டுகளை ஒரே சமயத்தில் அவிழ்த்துவிடுவார்கள். குதிரைமேல் அமர்ந்த நடுவர் புள்ளிகள் வழங்குவார். முயலை முதலில் எட்டிய வேகத்துக்குப் புள்ளி உண்டு. செங்கோணத்துக்குக் குறையாமல் அதை மடக்கினால் ஒரு புள்ளி. அதற்குக் குறைவாக மடக்கினால் அரைப் புள்ளி. கொன்றதற்கோ, நாயின் உழைப்பு அதில் இல்லை என்று நடுவர் கருதினால், ஒன்றுமே கிடையாது. மூன்று முறை அக்கோப்பையை வென்று அயர்லாந்து முழுவதும் புகழ்பெற்ற மாஸ்டர் மெக்ராத் இந்த அளவுகோலில் தேறிய நாய்தான். அங்கே ஒரு நாய் சற்றே பின்தங்கி, உடன் ஓடும் நாயை வேலை செய்ய விட்டு, முயல் திரும்பும் திசையில் குறுக்கே வெட்டிப் பிடித்துவிட்டால், அதைக் கள்ள ஓட்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். வேகத்தையும் உழைப்பையும் அளக்க ஏற்பட்ட போட்டியில் அது நியாயமே. துணையின்றித் தனியாக ஓடி, இரவு முழுவதும் ஓடி, விடியற்காலையிலும் ஓடுவதற்குத் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ளவேண்டிய லர்ச்சரிடத்திலோ அதே கள்ள ஓட்டம் முதல் தரமான குணமாகிவிடுகிறது.

இதுவரை எல்லா ரசிகர்களும் சொல்வார்கள். இத்தோடு நின்றும் விடுவார்கள். அங்கேதான் எனக்கு அவர்களோடு தீராத பிணக்கு. குறுக்கே வெட்டும் நாய்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தன் உடம்பை மிச்சம் பிடிப்பதற்காக வெட்டுவது; மற்றொன்று முயலின் மனத்தை அறிந்து வெட்டுவது. முன்னது சோம்பல், பின்னது கணிப்பு. வேலியோரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் முயல்களைக் கொண்டுவரவும் கூடும். ஆயினும் இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் லர்ச்சரைப் பார்த்தவனே அல்லன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எப்படிப் பிரித்தறிவது? நாய் தன் வேகத்தை எந்த இடத்தில் குறைக்கிறது என்பதைக் கவனியுங்கள். சோம்பேறி நாய் தூரம் நீண்டவுடனே, தனக்குச் சிரமம் தோன்றிய இடத்தில் குறைக்கும். கணிக்கும் நாயோ, முயல் திரும்புவதற்கு ஒரு கணம் முன்னதாகக் குறைக்கும். கிரேஹவுண்ட் வழி வந்த நாய் முழுப் பாய்ச்சலில் ஓடும்போது, ஒவ்வொரு தாவலிலும் இரண்டு முறை அதன் நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழும்புகின்றன. காற்றில் இருக்கும் வேளையில் எந்த நாயாலும் திரும்ப இயலாது. இரண்டு கிலோவுக்கும் குறைந்த குழிமுயல் தன் உடம்பளவு இடத்துக்குள்ளேயே சுழன்றுவிடும். அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கனமுள்ள நாயோ, தன் வேகமே தன்னை இழுத்துச் செல்ல, பல அடி தாண்டிப் போய் விழுந்து எழுந்து, மறுபடியும் முதலிலிருந்து துரத்தவேண்டும். ஆகவே கணிக்கும் நாய் திருப்பத்துக்கு முன்பாகவே தாவலைச் சிறிதாக்கிக்கொள்ளும், பின்பாகத்தைத் தாழ்த்தும், தன் கால்கள் தரையில் இருக்கும் தருணமும் முயல் திரும்பும் தருணமும் ஒன்றாகும்படி நடையை மாற்றிக்கொள்ளும். திருப்பம் முடிந்தபின் இடைவெளியைப் பாருங்கள்: முன்பைவிடக் குறைந்திருந்தால் அது கணிப்பு, கூடியிருந்தால் சோம்பல். தேர்ந்த மிருதங்க வித்துவான் பாடகரைப் பின்தொடர்ந்து வாசிப்பதில்லை; அவர் வந்து இறங்கப்போகும் இடத்தில் முன்னதாகவே காத்திருக்கிறார். நல்ல லர்ச்சர் ஓடுவதும் அப்படித்தான்.

இதற்கும் மேலான படி ஒன்று உண்டு. குழிமுயலுக்கு வளை உண்டு. துரத்தப்பட்டால் வளைக்கே ஓடும். தேர்ந்த லர்ச்சர் முயலை நேரே நோக்கி ஓடாமல், முயலுக்கும் வளைக்கும் நடுவிலுள்ள நிலத்தை நோக்கி ஓடி, அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சில கஜ தூரத்தை விட்டுக்கொடுத்து, முயலைத் திறந்த வெளிக்குத் திருப்பும். பார்ப்பவர்கள் "நாய் பின்தங்கிவிட்டது" என்று உதட்டைப் பிதுக்குவது மிகச் சரியாக இந்த இடத்தில்தான்! உண்மையில் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மீதி வெறும் காலதாமதம். இளம் நாயிடம் இதை எதிர்பார்க்கவேண்டாம். அது நேராகத்தான் ஓடும். ஓடித் தோற்றுத் தோற்றுத்தான் கற்கும். முதல் பருவத்திலேயே தந்திரம் காட்டும் குட்டியைக் கண்டு பூரிப்பவர்களுக்கு நான் எச்சரிக்கை சொல்வதுண்டு: பெரும்பாலும் அது சோம்பல் ஜாதிதான்.

இவ்வளவையும் கவனிக்க வேண்டியிருக்க, நாகரிகம் எதைக் கவனிக்கிறது? கண்காட்சி வளையத்தில் கயிற்றோடு நடக்கவிட்டுத் தோள் சரிவையும் கழுத்து நீளத்தையும் தடவிப் பார்த்துக் கோப்பை கொடுக்கிறார்கள். முகத்தில் சொரசொரப்பான தாடி ரோமம் இருந்தால்தான் லட்சணமான லர்ச்சர் என்றொரு மோகம் வேறு. தாடி முயலை மடக்குமா? மற்றொரு கூட்டத்தார் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டப்பந்தய மைதானமே போதும். இன்னும் சிலர் முயலைக் கொல்லும் காட்சியை மட்டும் படம்பிடித்து ஊரெல்லாம் காட்டி மகிழ்கிறார்கள். இதைவிடக் கீழ்த்தரமான ரசனையை நான் அறியேன். கிறிஸ்து சகாப்தத்தின் இரண்டாம் நூற்றாண்டிலேயே அரியன் என்ற கிரேக்க ஆசிரியர், ஹோர்மே என்ற தம் நாயைப் பற்றி அவ்வளவு அன்போடு எழுதியவர், மெய்யான வேட்டை ரசிகன் முயல் தப்பிப் போனாலும் மகிழ்வான் என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார். பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தும் நம் விமரிசகர்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: லர்ச்சரின் உச்சமான அழகு ஓட்டமே இல்லாத இடத்தில் இருக்கிறது. காற்று வீசும், நிலவில்லாத குளிர்கால இரவில், விளக்கொளியைப் புல்வெளியில் ஓடவிடுவார்கள். ஒளி பட்ட முயல் ஓடாமல் தரையோடு தரையாக ஒடுங்கி அமர்ந்துவிடும். மட்டமான நாய் அதைக் காணாமல் தாண்டிப் போய்விடும். நல்ல நாய், காற்று தன்னை நோக்கி வரும் பக்கமாகப் பூனைநடை நடந்து சென்று, அப்படியே கவ்வி, உயிரோடு கையில் கொண்டுவந்து கொடுக்கும். துரத்தல் இல்லை, ஆரவாரம் இல்லை. இதைப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று என்னைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு மறுமுறை நான் போனதில்லை. பகல் வேட்டையிலும் அப்படியே. ஃபெரெட் என்னும் நீண்ட மெல்லிய உடல் கொண்ட வளர்ப்புப் பிராணியை வளைக்குள் அனுப்புவதற்கு முன், எந்த வளையில் முயல் உண்டு, எதில் இல்லை என்று லர்ச்சர் முகர்ந்து நின்று சொல்லிவிடும். சுற்றிலும் செம்மறிகள் மேய்ந்தாலும் அவற்றின் பக்கம் தலை திருப்பாது. அந்த நிலையில் அதன் காதுகளைப் பாருங்கள். ஓட்டத்தில் நான் சொன்ன கணிப்பு முழுவதும் அங்கே முன்கூட்டியே தெரியும்.

போவதற்கு முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டு முயலை நாய் விட்டுத் துரத்துவதைத் தடை செய்துவிட்டது; நில உரிமையாளரின் அனுமதியோடு குழிமுயல்களையும் எலிகளையும் பிடிப்பதற்கு மட்டும் இடமுண்டு. இருட்டில் பிறர் நிலத்தில் புகுந்து காட்டு முயலைத் துரத்திப் பணயம் கட்டும் கும்பல்கள் இன்றும் உண்டு. அவர்களால்தான் லர்ச்சர் வைத்திருப்பவன் என்றாலே போக்கிரி என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் பக்கம் போகாதீர்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆகவே இங்கே முயற்சி செய்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம்.

பிரிட்டனில் குடியேறிவிட்ட தமிழன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அங்குள்ள நாய்க் காப்பகங்களில், வேலைக்கு உதவாது என்று கைவிடப்பட்ட லர்ச்சர்கள் எப்போதும் காத்திருக்கின்றன. சான்றிதழோடு விற்கப்படும் நாய்க்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன், அவற்றில் ஒன்றை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். வேலியிட்ட புல்வெளியில் அவிழ்த்துவிட்டு ஒரு பந்தை எறியுங்கள். பந்து எகிறித் திரும்புமுன் நாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.